இமை மூடாத படம்

ஹென்றி மேஸ்திரியின் வீட்டுக்கு படம் எழுதும் லியோனார்ட் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அறுபத்தெட்டாம் வருஷத்துக் கோடை. துறைமுகத்துக் கரித்தூள் ராயபுரத்து மொட்டைமாடிகளில் படிந்து, காயப்போட்ட வேட்டி காய்வதற்குள் கறுத்துவிடும். அந்த வெயிலிலும் வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. எந்தக் காலத்திலோ சரக்குக் கிடங்காக இருந்ததை வீடாக்கியிருந்தார்கள். சுவர் கனம், ஜன்னல் குறைவு. செருப்பை விட்டு உள்ளே நுழைந்ததும் கருவாட்டு வாடை அடித்தது. அதற்கு மேல் ஊதுபத்தி. இரண்டுக்கும் அடியில் ஈரச் சுண்ணாம்பு. கூடத்தின் ஓரத்தில் ஒரு மரப்படி செங்குத்தாக மாடிக்கு ஏறியது.

அந்தப் படியில் வழுக்கி விழுந்துதான் ஹென்றியின் மனைவி ஐரீன் செத்துப்போனாள். ஊருக்குச் சொன்னது அப்படி.

"வா ஆர்ட்டிஸ்டு, குந்து," என்றான் ஹென்றி. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கெல்லாம் அவன்தான் மேஸ்திரி. ஆள் பெரிய உருவம், பேச்சு மெதுவாக வரும். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பான். கையில் ஒன்றும் இருக்காது, ஆனாலும் துடைப்பான்.

அவன் ஒரு போட்டோவை நீட்டினான். சவப்பெட்டியோடு எடுத்த படம். கிறிஸ்தவ வீடுகளில் அது வழக்கம்தான். பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று எடுத்துக்கொள்வார்கள். பலபேருக்கு வாழ்க்கையில் எடுத்த ஒரே படமும் அதுவாகத்தான் இருக்கும். ஐரீன் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கழுத்தை மறைத்து முகவாய் வரைக்கும் பூவைக் குவித்திருந்தார்கள்.

"கல்யாண போட்டோ இல்லியா மேஸ்திரி?"

"அத்த செல்லு அரிச்சிப்பூச்சு. இத்த வெச்சே பெருசா ஆயில் பெயிண்ட்ல எழுது. வருசப் பூசைக்கு ஊரே வரும், கூடத்துல மாட்டணும். கண்ணு தெறந்துகினு இருக்கணும். என்னியப் பாத்து சிரிக்கணும்." பிறகு சாவதானமாகச் சேர்த்தான். "உசுரோட கீறப்ப ஒரு நாளும் சிரிச்சதில்ல, கய்தே."

லியோனார்ட் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"கழுத்து வரைக்கும் மூடினாப்ல லேஸ் வெச்ச ஜாக்கெட் போட்டு வுட்டுடு."

"அவங்க அதுமாரி போடுவாங்களா மேஸ்திரி?"

"நீ போட்டா போடுவா."

சமையலறையிலிருந்து ஒரு பெண் காப்பி கொண்டுவந்தாள். சிலுவையம்மாள். காசிமேட்டுக் குப்பத்துப் பெண், ஹென்றிக்குப் புதுப் பெண்டாட்டி. ஐரீன் போய் வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் இவள் வந்துவிட்டாள் என்று கோயில் வாசலில் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை அடைப்பதற்குத்தான் இந்தப் படம் என்று லியோனார்டுக்குப் புரியாமல் இல்லை. அவ்வளவு புழுக்கத்திலும் அவள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தாள்.

"முடிஞ்சதும் அத்தயே போட்டோ புடிச்சி ரெண்டு காப்பி போடு," என்றான் ஹென்றி. "ஒண்ணு ஐரீனோட அக்கா கீறா, திருவொத்தியூர்ல. அவளுக்கு. இன்னோண்ணு பினாங்குல கீற என் தம்பிக்கு. நம்மாளு தமீமு கப்பல்ல போறான், அவன் கைல குடுத்தனுப்பணும்."

செத்தவர் படத்தில் கண் வரைவது ஒரு தனி வேலை. மூடிய கண்ணைப் பார்த்துத் திறந்த கண்ணை எழுத முடியாது. உயிரோடு இருக்கிற ஒருவரை எதிரே உட்காரவைத்து அவர் கண்ணைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கண் இரவல் வாங்குவது என்பார்கள். ரத்த சொந்தமாக இருந்தால் நல்லது. ஆனால் ஒரு கண்ணை ஒருவரிடமும் மறு கண்ணை இன்னொருவரிடமும்தான் வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் வாங்கக் கூடாது. விளக்கு வைத்தபிறகு உப்புக் கொடுக்காத மாதிரி, படம் எழுதுகிறவர்கள் எல்லாரும் இதைக் கடைப்பிடித்தார்கள். ஏன் என்று எவனும் கேட்டதில்லை.

ஐரீனின் அக்கா ஞானப்பூவிடம் கேட்கத் திருவொற்றியூர் போனான் லியோனார்ட். அவள் வாசற்படியிலேயே நிறுத்திப் பேசினாள்.

"என் தங்கச்சி கண்ண மூடிகினு பூட்டா. மூடினதாவே கெடக்கட்டும். அவன் வூட்டு செவுத்துல அவள முழிக்க வெக்காத."

கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு ஆளாயிருந்தால் அங்கேயே யோசித்திருப்பான். லியோனார்ட் வீட்டுக்கு வந்து தன் மனைவி ஃப்ளோரன்ஸைக் கூப்பிட்டான்.

ராயபுரம் மாதா கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் அவர்கள் வீடு. முன்னறைதான் ஸ்டூடியோ. அவன் படம் எழுதுவான், போட்டோ பிடிப்பான். ஃப்ளோரன்ஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷால் போட்டோக்களுக்கு டச்சிங் செய்வாள். ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளியைக்கூட அவள் கண் விடாது. அந்தக் கண்ணை நம்பித்தான் இருவரும் சாப்பிட்டார்கள் என்றும் சொல்லலாம். அவனுக்கோ, சாப்பாட்டை விட அந்தக் கண் பெரிது. அவள் அவனைப் பார்க்கிற விதத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், உதடு அசையாமலே கண்ணில் மட்டும்.

ஒரு கண்ணை அவளிடமும் மறு கண்ணைக் கீழ்வீட்டுப் பெண்ணிடமும் வாங்கிப் பார்த்தான். ஒரு கண் சிரித்தது, மற்றது முறைத்தது. வழித்து எடுத்துவிட்டு ஃப்ளோரன்ஸை மறுபடியும் எதிரே உட்காரவைத்தான்.

"ரெண்டும் என்னுதா? கூடாதும்பீங்களே," என்றாள்.

"வேற வயி இல்ல. என்னியப் பாரு."

அவள் பார்த்தாள். இருபது வருஷமாகப் பார்த்த அதே பார்வை. அதை அப்படியே எடுத்து ஐரீன் முகத்தில் வைத்தான்.

கழுத்துக்கு வந்தபோது சவப்பெட்டிப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தான். குவித்த பூவுக்கு நடுவே ஓர் இடைவெளி. அதற்குள் தோலில் கறுப்பாக விரல் தடம், ஒன்றையடுத்து ஒன்றாக. படியில் விழுந்தால் கழுத்தில் விரல் பதியாது. லியோனார்ட் லென்ஸைக் கீழே வைத்தான். பிறகு பிரஷ்ஷை வெள்ளையில் தோய்த்து லேஸ் எழுத ஆரம்பித்தான். நான் அவனுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஹென்றியின் ஆட்களுக்கு அந்த வட்டாரத்தில் எல்லாரும் பயந்தார்கள், இவனும் பயந்தான், அவ்வளவுதான். ஆனால் லேஸ் மிகவும் அழகாக வந்தது. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

படம் காய்ந்ததும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், நிழலில் சாய்த்துவைத்து, எதிரே மூன்று கால் பெட்டிக் கேமராவை நிறுத்தினான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். அந்தக் கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். ஐரீன் தலைகீழாகத் தொங்கினாள்.

கண்களை மூடியிருந்தாள்.

துணியை விலக்கிப் படத்தைப் பார்த்தான். திறந்த கண்கள், சிரித்துக்கொண்டிருந்தன. மறுபடி துணிக்குள் போனான்.

மூடியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாகத் திறந்தது.

வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். தண்ணீர் குடித்துவிட்டு வந்து படத்தைப் பிடித்தான்.

மறுநாள் காலையில் இரண்டு காப்பிகளும் ஃப்ளோரன்ஸின் மேஜையில் இருந்தன. எழுதிய படம் அவளுக்குப் பின்னால் ஈசலில் நின்றது. ஜன்னல் வழியே வெயில் கொட்டியது. கண்மணியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தால்தான் கண்ணுக்கு உயிர் வரும். முதல் காப்பியில் வைத்தாள். இரண்டாவதில் வைத்தாள். பிரஷ்ஷை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாங்க, கரண்ட் பூட்சா?"

அறையில் விளக்கே எரியவில்லை.

"இன்னா சொல்ற? பட்டப்பகல்ல..."

"இருங்க. தெரிது." அவள் குரல் இறங்கியது. "என் முதுகு தெரிது. நான் குந்திகினு கீறேன், பின்னாலேர்ந்து பாக்கறேன். ஜடைல நேத்து வெச்ச பூ கீது." மூச்சு வாங்கியது. "கீழேர்ந்தும் தெரிது. என் மூஞ்சி பெருசா மேல நிக்கிது. கைல பிரஷ்ஷு."

லியோனார்ட் ஓடி வந்து அவள் எதிரே மண்டியிட்டான். அவள் கண்கள் அவனைப் பார்த்தன. அவன் தலையைச் சாய்த்தால் கூடவே சாய்ந்தன.

"என்னியத்தான் பாக்கறியே ஃப்ளோரன்ஸ்!"

"நான் பாக்கல," என்று அழுதாள். "நான் பின்னால கீறேன். என் கண்ணால யாரோ உங்களப் பாக்கறாங்க."

அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஹென்றி தன் ஆட்களோடு படத்தை எடுத்துப்போக வந்திருந்தான். "ஸோக்கா கீது நைனா," என்று படத்தைப் பார்த்துச் சொன்னான். பிறகு ஃப்ளோரன்ஸ் பக்கம் குனிந்தான். "இன்னா தங்கச்சி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

அவள் கண்கள் லியோனார்டை விட்டுவிட்டு ஹென்றியிடம் போயின. போய் நிலைத்தன. ஹென்றி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அந்தப் பார்வையை அவன் எங்கேயோ பார்த்திருக்கிறான். கையைத் துடைத்துக்கொண்டு, படத்தோடு காப்பிகளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

படம் கைவண்டியில் போகும்போது ஃப்ளோரன்ஸ் அறையில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். வானம். கரண்ட் கம்பி. கம்பியில் காக்கா. கோயில் கோபுரம். கடைசியில், இருட்டான கூடம், ஒரு மரப்படி.

கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், விரலை ஆட்டிப் பார்த்தார். கண்கள் விரலோடு போய் விரலோடு வந்தன. "கண் நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஏதாவது சண்டையா? நடிக்கிறார்கள்," என்றார். அந்தக் கண்கள் டாக்டரையும் ஒரு நோட்டம் விட்டன.

தூக்கம் போனது. கண்ணை மூடினாலும் துணி கட்டினாலும் பயனில்லை. அவள் பார்ப்பது படத்திலிருந்து, படத்துக்கு இமை மூடத் தெரியாது. ஹென்றியின் கூடம், ஞானப்பூ வீட்டு மாதா சுரூபமும் மெழுகுவர்த்தியும், தமீமின் பெட்டிக்குள் ஒரு இருட்டு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. சத்தம் ஒன்றும் கேட்காது. வாய்கள் அசையும், அவ்வளவுதான். இங்கே அவள் தூங்கிவிட்டாள் என்று லியோனார்ட் நினைக்கும்போதும் இமைகள் திறக்கும். கண்கள் அறையைச் சுற்றி வந்து அவனிடம் நிற்கும். இருபது வருஷம் குடித்தனம் நடத்திய முகத்தைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஒரு சாயங்காலம் அவள் அலறினாள்.

"கழுத்த புடிக்கறான்! அந்தப் பொண்ணு கழுத்த! வுட சொல்லுங்க, வுட சொல்லுங்க..."

லியோனார்ட் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வேறு என்ன செய்வது? அரை மைலுக்கு அப்பால் நடப்பதை அவள் பார்த்தே தீர வேண்டியிருந்தது. அவள் முகத்திலிருந்த கண்களோ அவன் தோளுக்கு மேல் அசையாமல் இருந்தன. அவை கலங்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த சமாசாரம் என்பதுபோல் இருந்தன.

மறுநாள் ஹென்றியிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், என் பெண்டாட்டிக்கு இங்கே நடப்பதெல்லாம் தெரிகிறது என்றான். அந்த ஒரு பேச்சைப் பேசாமல் இருந்திருக்கலாம்.

ஹென்றி படத்தை நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"தெரிதா? ஐரீனு பாக்கறான்னு நெனச்சேன். அப்போ ரெண்டு பேரும் பாக்கறாளுங்க." லியோனார்டின் தோளைத் தட்டினான். "பாக்கட்டும் நைனா. இனிமே எதுன்னாலும் கூடத்துலியே வெச்சிக்கறேன்."

அன்று பொழுது சாயும் நேரம் ஃப்ளோரன்ஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "கிட்ட வரான். மூஞ்சி கிட்ட மூஞ்சி வெச்சிகினு ஏதோ சொல்றான். கேக்கல. கைய என் கழுத்துல வெக்கறான். லேஸ் மேல." அதற்கப்புறம் வந்த நாட்களில் சிலுவையம்மாளுக்கு நடந்ததை ஃப்ளோரன்ஸ் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

வண்ணாரப்பேட்டையில் சினிமா பேனர் எழுதும் சௌக்கத் அலி, லியோனார்டுக்குப் பழைய தோஸ்து. தரையில் விரித்த பேனரில், ஒரு நடிகனின் ஆளுயரக் கன்னத்தின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டான்.

"ரெண்டு கண்ணும் ஒரே ஆளா? புத்தி இன்னா பூட்சு உனுக்கு?" பீடியை அணைத்தான். "செரி, கண்ணு குடுத்த. அத்தோட வுட்டுருந்தா செத்தவ சும்மா கெடந்துருப்பா. அவளோடத எத்தயாவது மறச்சியா?"

லியோனார்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

"கயுத்துல தடம் இருந்துச்சி பாய். லேஸ் போட்டு மூடினேன்."

சௌக்கத் அலி எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தான். "அப்போ அவ கோவம் மேஸ்திரி மேல மட்டும் இல்ல தோஸ்து. போ. செத்தப்ப எப்டி இருந்தாளோ அப்டியே எழுது. கண்ண மூடு. கழுத்த தெற. எனுக்குத் தெரிஞ்சது அதான். போறுமா போறாதான்னு என்னியக் கேக்காத."

வருசப் பூசை நாள் காலையில் ஹென்றியும் சொந்தக்காரர்களும் கோயிலுக்குப் போனபிறகு, லியோனார்ட் பின்வாசல் வழியாகப் போனான். சிலுவையம்மாள் கூட்டத்துக்குச் சமைக்க வீட்டிலேயே இருந்தாள். அவனைப் பார்த்துக் கரண்டியைக் கீழே போட்டாள்.

"என் பொண்டாட்டி பாத்துச்சும்மா," என்றான் அவன். "உனுக்கு நடந்தது எல்லாத்தயும்."

அவள் நம்பவில்லை. அவன் ஒன்றிரண்டு சொன்னபிறகு நம்பினாள். அடுப்பின் எதிரே உட்கார்ந்து அழுதாள்.

"யாருக்குமே தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தேண்ணா. ஒருத்தங்களாவது பாத்தாங்களே."

அவள் கதவைத் தாழிட்டாள். படம் கூடத்தில், பூசைக்காகப் பட்டுத் துணி போர்த்தி மாட்டியிருந்தது. துணியைத் தூக்கினான். டர்பன்டைன் வாடை ஊதுபத்தியில் கலந்தது. விரல் தடத்தை எப்படி எழுதுவது என்று அவன் தயங்கியபோது சிலுவையம்மாள் முந்தானையை அவிழ்த்துக் கழுத்தை நீட்டினாள்.

"இத்த பாத்து எழுதுங்க. அதே கைதானே."

லேஸை வழித்தான். கழுத்தை எழுதினான். கறுப்பும் நீலமும் ஓரத்தில் மஞ்சளுமாகத் தடம் வந்தது. பிறகு கண்ணுக்கு வந்தான். அதுவரை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது பார்த்தான். ஃப்ளோரன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, அந்தச் சுவரில், அவனுடைய ஃப்ளோரன்ஸ், உதடு அசையாத அந்தச் சிரிப்போடு. வீட்டில் அத்தனை நாளாகக் கிடைக்காத பார்வை.



"கொஞ்சம் கண்ண மூடிக்கோம்மா," என்றான் மெல்ல. "வூட்டுக்கு வந்துடு."

ஓர் இமையை இழுத்து மூடினான். மற்றதையும் மூடினான். உதட்டின் சிவப்பையும் அழித்தான். வாசலில் ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டபோது ஈரத்தில் ஒட்டாமல் துணியைப் போர்த்திவிட்டுப் பின்கட்டில் நின்றுகொண்டான்.

கூடம் நிறைந்தது. ஹென்றி வெள்ளைச் சட்டையில், சோகமான முகத்தோடு, எல்லாருக்கும் கைகூப்பினான். மாலை போட வேண்டியது ஐரீனின் அக்காதான் என்று பெரிய மனதோடு ஞானப்பூவை முன்னால் விட்டான். அவள் துணியை இழுத்தாள்.



ஐரீன் செத்துக் கிடந்தாள். மூடிய கண், வெளுத்த உதடு, கழுத்தில் ஒரு கையின் தடம். ஈரப் பெயிண்ட் பளபளத்தது. நேற்றுத்தான் நெரித்ததுபோல் இருந்தது.

ஞானப்பூவின் கையிலிருந்து மாலை நழுவியது. சமையலறை வாசலில் சிலுவையம்மாள் வந்து நின்றாள். முந்தானையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுக் கழுத்தை நிமிர்த்தினாள். எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். அப்புறம் ஹென்றியின் கையைப் பார்த்தார்கள். அவன் அதைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் மாடிக்கு ஓடினான். பூசைக்கு வந்திருந்த சிலுவையம்மாளின் குப்பத்து ஆட்கள் பாதிப் படியில் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் முகம் இடித்தபடி கீழே வந்தான். கடைசிப் படியில் பற்கள் சிதறின. போலீஸ் வந்து பிடித்துப் போனபோதும் உயிர் இருந்தது. இல்லாமல் போயிருக்கலாம் என்று அன்று ராயபுரத்தில் சொல்லாதவர்கள் இல்லை.

லியோனார்ட் அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடினான். ஃப்ளோரன்ஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களப் பாத்தேன்," என்றாள். "கிட்ட வந்தீங்க. எவ்ளோ நாளாச்சு உங்க மூஞ்சியப் பாத்து! ஏதோ சொன்னீங்க. பிரஷ்ஷு வந்துச்சு. இருட்டாயிட்சு."

"இப்போ? இப்போ தெரிதா?"

"அக்கா வூட்டு மெயுகுவத்தி தெரிது."

ஞானப்பூ அன்று மாலையே தன் காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதிலும் கறுப்பு மையால் இமையை மூடினான். மெழுகுவர்த்தியும் போனது. மிச்சம் இருந்தது தமீமின் பெட்டிக்குள் இருந்த இருட்டு ஒன்றுதான். கப்பல் எப்போதோ துறைமுகத்தை விட்டுப் போயிருந்தது.

அவள் முகத்திலிருந்த கண்கள் திரும்பிப் போகவில்லை. அவன் சோறு ஊட்டும்போது பார்த்தன. அவன் ஜெபம் சொல்லும்போது பார்த்தன. "தப்புதான் தாயே, திருத்திட்டேனே!" என்று ஒருநாள் அந்தக் கண்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். ஃப்ளோரன்ஸ் பாவம், தன்னிடம் பேசுகிறான் என்று நினைத்து, "நீங்க இன்னா தப்பு பண்ணீங்க," என்று அவன் கையைத் தேடினாள். கண்கள் அவள் தேடுவதைப் பார்த்தன. கை எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிக்கொடுக்கவில்லை.

பெட்டி திறந்த நாளை அவள் சொன்னாள். பெரிய ஜன்னல், அதற்கு வெளியே கடல், சுவரில் ஒரு சீனத்துக் காலண்டர். ஹென்றியைப் போலவே இருக்கிற ஒருவன் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். அந்தக் காப்பியைத் திருப்பி அனுப்பச் சொல்லி லியோனார்ட் கப்பல்காரர்களிடமெல்லாம் சொல்லியனுப்பினான். மழைக்காலம் வந்தபிறகு தமீம் திரும்பி வந்தான், வெறுங்கையோடு.

"குடுக்க மாட்டேன்னுட்டாருண்ணா," என்றான். "எங்க அண்ணன் மேல பொய்க் கேஸு போட்டுட்டாங்கோ, அண்ணி எவ்ளோ சந்தோசமா இருந்தாங்கன்றதுக்கு இந்தப் படம்தான் சாட்சின்றாரு. ஊர்ல கீற சொந்தக்காரங்க, கப்பல்காரங்க, அல்லாருக்கும் போட்டோ போட்டுத் தரப் போறாராம்."

லியோனார்டுக்கு முதலில் உறைக்கவில்லை. தமீமைப் படிவரை அனுப்பிவிட்டு வந்து ஃப்ளோரன்ஸுக்குக் காப்பி ஆற்றினான். டம்ளரை நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னாங்க," என்றாள். "எதிர்ல மூணு கால் வெச்ச பொட்டி ஒண்ணு நிக்கிது. ஒருத்தன் கறுப்புத் துணிய தலைல போத்திகினு குனியறான்."

டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"ஃப்ளோரன்ஸ்..."

அதற்கப்புறம் கொஞ்ச நாள் போனது. ஒரு காலையில், கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, ஆரம்பித்தாள்.

"இன்னொரு வூடு தெரிது. கொழந்தைங்க வெளையாடுது." தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னோண்ணு. கட. கூட்டமா கீது. இன்னோண்ணு. கப்பலு. ஐயோ, மூட முடியலியே! இன்னோண்ணு, இன்னோண்ணு..."

லியோனார்ட் அவள் முகத்தைக் கைகளில் ஏந்தினான். அவள் வாய் அலறிக்கொண்டிருந்தது. கன்னம் நனைந்திருந்தது.

அவள் கண்கள் மட்டும், வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவனைப் பார்த்துச் சிரித்தன. லேஸுக்கு மேலே அவன் எழுதி வைத்த அதே சிரிப்பு.